கணினிக்குள் ஒரு மடம்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், கொக்குவில், இணுவில் ஆகிய ஊர்களைக் கடந்து, சுன்னாகத்தை அடையுமுன் மருதனார்மடம் என்னும் சந்தியைக் காண்பர். 1913 ஆம் ஆண்டில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் பெண்களின் கல்விக்கென நிறுவிய இராமநாதன் கல்லூரியாலும், காய்கறிச் சந்தையாலும், ஆஞ்சநேயர் கோவிலாலும் அவ்வூரை இன்று பலரும் அறிவர். ஆனால் அவ்வூர்ப் பெயரின் ஈற்றிலே நிற்கும் ‘மடம்’ என்னுஞ் சொல்லைச் சற்று நின்று நோக்குவோர் சிலரே. கந்தர்மடம், ஆறுகால்மடம், ஓட்டுமடம் என இப்பெயர் தாங்கிய இடங்கள் நம் குடாநாட்டிற் பல உள. வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் பொருட்டு நம் முன்னோர் வீதியோரங்களிலே மடங்களைக் கட்டினர். அருகே கேணி தோண்டினர். தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி அமைத்தனர். கால்நடைகள் உரோஞ்சிக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல்லும் நாட்டினர்.

இந்த ஏற்பாட்டிலே ஒரு நுட்பம் உண்டு. வந்தவனுக்கு நிழலும் நீரும் கிடைத்தன. வீட்டுக்காரனுக்கு வீடு வீடாகவே இருந்தது. விருந்தினனின் மூட்டை முடிச்சுகள் வீட்டின் உள்ளறையிலே குவியவில்லை. தங்குமிடம் எது, போக்குவரவு எவ்வழி, புறப்படும் நேரம் எப்போது என்பன யாவர்க்கும் தெளிவாயிருந்தன.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மடங்களைப் பற்றியதன்று. நம் வீடுகளில் மேசைமீது இருக்கும் கணினியைப் பற்றியது. எனினும் அந்த மடத்தின் ஒழுங்கை மனத்தில் இருத்திக்கொண்டால், இப்பொருள் எளிதில் விளங்கும்.

மெய்நிகர்ப் பொறி என்பது யாது? ஒரு கணினிக்குள்ளே மற்றொரு கணினி இருப்பதுபோல நடக்கும்படி மென்பொருளால் அமைக்கப்படுவதே மெய்நிகர்ப் பொறியாகும். உள்ளேயுள்ள அந்தக் கணினிக்குத் தனக்கென ஒரு வன்தட்டும், நினைவகமும், திரையும் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அதன் வன்தட்டு நம் கணினியிலுள்ள ஒரு பெரிய கோப்பே. அதன் நினைவகம் நம் நினைவகத்திலிருந்து பகுத்துக் கொடுக்கப்பட்டதே. அதன் திரை நம் திரையிலே தோன்றும் ஒரு சாளரமே. இத்துறையினர் வெளியே உள்ள கணினியை விருந்தளிப்போன் என்றும், உள்ளே இயங்குவதை விருந்தினன் என்றும் பொருள்படும் சொற்களாலேயே வழங்கி வருகின்றனர்.

இக்கருத்து நேற்றுத் தோன்றியதன்று. ஐக்கிய அமெரிக்காவிலே, மசாசுசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தார் நடத்திய ஆய்வு நிலையத்தில், 1960களின் நடுப்பகுதியிலே இதற்கு வித்திடப்பட்டது. 1972 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வீ.எம். 370 என்னும் முறைமையை உலகுக்கு அறிவித்தது. அக்காலத்திற் கணினி ஒன்றின் விலை மிகப் பெரிது. ஒன்றைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் தமக்கே ஒரு முழுக் கணினி இருப்பதாக எண்ணிப் பணிபுரியும் வண்ணம் அம்முறைமை அமைந்தது. பின்னர் 1999 இல் வீஎம்வெயார் நிறுவனத்தின் மென்பொருளும், 2007 இல் வேர்ச்சுவல்பொக்ஸ் என்னும் மென்பொருளும் வெளிவந்தபோது, அதே வித்தை வீட்டுக் கணினிக்கும் எட்டியது. பலருக்கு ஒரு பொறி என்றிருந்த நிலை மாறி, ஒருவருக்கே பல பொறி என்னும் நிலை வந்தது. நிலை மாறியதோடு தொல்லையும் உடன் வந்தது.

‘இவையெல்லாம் பெரிய நிறுவனங்களுக்கு உரியன, மருதனார்மடத்தில் ஒரு வீட்டுக்கு இதனால் ஆவதென்ன?’ என்று நேயர்கள் சிலர் வினவலாம். தக்க வினாவே. விடையை நம்மவர் வீட்டு அலுமாரிகளிலே காணலாம்.

நம் குடாநாட்டிலே அச்சேறும் நூல்களிற் கணிசமானவை கடைகளில் விற்பனைக்கு வருவனவல்ல. கோவிற் கும்பாபிடேக மலர், பாடசாலை ஆண்டு மலர், சனசமூக நிலையத்து விழா மலர், இறந்தோர் நினைவாக அந்தியேட்டிக் கிரியையன்று உறவினர்க்கு வழங்கப்படும் கல்வெட்டு என இவை பலவகைப்படும். ஒரு குடும்பத்தின் வமிசாவளியும், ஓர் ஊரின் வரலாறும், வேறெங்கும் பதியப்படாத பல செய்திகளும் இத்தகைய சிறு நூல்களிலேயே பெரிதும் தங்கியிருக்கின்றன. கணினி வழி அச்சுக்கோப்பு வந்தபின், இவை நெடுங்காலம் பாமினி என்னும் எழுத்துருவிலே தட்டச்சுச் செய்யப்பட்டு, பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளில் பக்கங்களாக அமைக்கப்பட்டன. 1991 இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்ததாயினும், அச்சகங்களிற் பாமினியின் ஆட்சி அதன் பின்னரும் நெடிது நிலவியது.

பாமினியில் எழுதிய ஒரு கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியிலே திறந்தால், தமிழ் தோன்றாது. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பொருளின்றிச் சிதறிக் கிடக்கும். எழுத்துருவை நிறுவிவிட்டால் இத்துன்பம் நீங்கும். பேஜ்மேக்கர் கோப்பின் நிலை அதனினும் கடிது. அம்மென்பொருளின் இறுதிப் பதிப்பு 2001 இல் வெளிவந்தது. அதே நிறுவனத்தாரின் இன்டிசைன் என்னும் மென்பொருளின் அண்மைக் காலப் பதிப்புகள் அக்கோப்புகளைத் திறப்பதில்லை. ஆகவே, பழைய மலரொன்றின் மூலக் கோப்பைப் பக்க அமைப்புக் குலையாமற் பார்க்க விரும்புவோர், அம்மென்பொருள் பழகிய பழைய சூழலை, அதாவது விண்டோஸ் எக்ஸ்பி போன்றதொரு பணிசெயல் முறைமையை, உயிர்ப்பிக்க வேண்டியவராகின்றனர். பழைய கணினியோ பழுதாகிப் பல்லாண்டாயிற்று. அந்நிலையிற் கைகொடுப்பது மெய்நிகர்ப் பொறியே. உரிய உரிமத்தோடு பழைய எக்ஸ்பி ஒரு சாளரத்துக்குள்ளே எழுந்து, இருபது ஆண்டுகளுக்கு முந்திய மலரைப் பக்கம் பக்கமாக விரித்துக் காட்டும்.

இதுவரை நன்மை கண்டோம். இனித் தொல்லையைக் காண்போம். ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். வீட்டில் இருப்பது ஒரே கணினி. மகள் உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைப் பாடமாகப் படிக்கின்றாள். தந்தையார் கோவிற் சபையின் பழைய மலர்களை மீட்க விரும்புகின்றார். அதற்கென ஒரு மெய்நிகர்ப் பொறி நிறுவப்படுகின்றது. மகள் தானும் லினக்ஸ் பழகும் பொருட்டு மற்றொன்றை அமைக்கின்றாள். முதல் மென்பொருள் மெதுவாக இயங்குகிறதென்று இரண்டாவது மென்பொருளும் வந்து சேர்கின்றது. சில திங்களில், முகப்புத் திரையிலே இன்னதென்று தெரியாத படவுருக்கள். வலையமைப்புப் பட்டியலிலே யாரும் கேளாத இணைப்புகள். கணினியை இயக்கியவுடனே பின்னணியில் விழித்தெழும் சேவைகள். வன்தட்டிலே ஐம்பது, அறுபது கிகாபைட் கொள்ளும் கோப்புகள். பாடக் கோப்பைச் சேமிக்க இடமில்லை என்று கணினி முறையிடுகின்றது. ஒருநாள் யாரோ ஒருவர் பொறுமையிழந்து, ‘இவ்வளவு பெரிய கோப்பு யாருக்கு வேண்டும்?’ என்று அதனை நீக்கிவிடுகின்றார். மலர் போயிற்று.

நேயர்களே, கணினியைத் துப்புரவாக வைத்திருத்தல் கண்ணுக்கு அழகு என்பதற்காக மட்டும் இப்பேச்சை நான் எடுத்துக்கொள்ளவில்லை. இன்னதென்று தெரியாமற் குவிந்து கிடக்கும் பொருளே குப்பையோடு குப்பையாய் வீசப்படும். இடமும் பெயரும் கொடுத்து வைக்கப்பட்ட பொருளை எவரும் எளிதில் எறியார். ஆதலின், விருந்தினனை ஒழுங்குபடுத்துதல் வீட்டுக்காரனுக்கு மட்டுமன்றி விருந்தினனுக்கும் காப்பாகும்.

இனி அதற்குரிய வழிகளை நோக்குவோம். முதலாவதாக, விருந்தினன் எதற்காக வருகின்றான் என்பதைத் தீர்மானித்தல் வேண்டும். சொற்கள் மட்டுமே வேண்டுமெனின், பாமினி எழுத்தை ஒருங்குறிக்கு மாற்றும் சிறு கருவிகள் போதும். மெய்நிகர்ப் பொறியே வேண்டியதில்லை. பக்க அமைப்பும் படங்களும் உள்ளவாறே வேண்டுமெனின், அப்போதே பொறி வேண்டும். அதன் நோக்கத்தை ஒரு வரியில் எழுதி வைத்தல் நன்று. நோக்கம் எழுதப்படாத பொறி, நோக்கம் முடிந்த பின்னரும் போகாமலே தங்கிவிடும்.

இரண்டாவதாக, மென்பொருள் ஒன்றே போதும். வேர்ச்சுவல்பொக்ஸ், வீஎம்வெயார், விண்டோசின் சில பதிப்புகளோடு வரும் ஹைப்பர்-வீ ஆகிய மூன்றும் ஒரு வேலையையே செய்வன. முறைவழியாக்கியின் உள்ளே மெய்நிகராக்கத்துக்கென அமைந்த வசதி ஒன்றே. அதனைப் பயன்படுத்த இவை ஒன்றோடொன்று போட்டியிடும். ஹைப்பர்-வீ இயக்கப்பட்டிருக்கும்போது மற்றவை தளர்ந்து நடப்பது பலரும் கண்ட அனுபவம். மெதுவாயிற்றே என்று மற்றொன்றை நிறுவுமுன், உள்ளதற்குள்ளே போட்டி இருக்கின்றதா என்று பார்த்தல் அறிவுடைமை.

மூன்றாவதாக, நிறுவும் வேளையிலேயே விழிப்பு வேண்டும். நிறுவல் மென்பொருள் வினவும் வினாக்களுக்கெல்லாம் ‘ஆம்’, ‘ஆம்’ என்று அழுத்திச் செல்வது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. வேர்ச்சுவல்பொக்சை நிறுவும்போது, முகப்புத் திரையிற் படவுரு வேண்டுமா, வலையமைப்புக் கூறுகள் வேண்டுமா, யூஎஸ்பி இணைப்புக் கூறு வேண்டுமா என்று தெரிவுசெய்ய இடமுண்டு. பழைய மலரைத் திறக்க வந்த விருந்தினனுக்கு இவற்றிற் பல வேண்டியதில்லை. வீஎம்வெயாரோ, கணினி எழும்போதே தானும் எழும் சில சேவைகளை விட்டு வைக்கும். விண்டோசின் சேவைகள் பட்டியலிலே அவற்றை வேண்டும்போது மட்டும் எழுப்பும்படி மாற்றிக்கொள்ளலாம்.

நான்காவது, எல்லாவற்றினும் முக்கியமானது, இடம். மென்பொருள் தானாகத் தெரிவுசெய்யும் இடத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள். வேர்ச்சுவல்பொக்ஸ், பயனரின் சொந்தக் கோப்புறையிலே பொறிகளை வைக்கும். வீஎம்வெயார், ஆவணங்கள் என்னும் கோப்புறையினுள் வைக்கும். அந்த ஆவணக் கோப்புறை வன்டிரைவ் போன்றதொரு மேகச் சேமிப்போடு இணைக்கப்பட்டிருந்தால் வரும் விளைவை எண்ணுங்கள். விருந்தினன் உள்ளே ஒரு சொல்லை மாற்றினாலும் பல கிகாபைட் கொண்ட கோப்பு மாறியதாகக் கணிக்கப்படும். அதனை மேலேற்ற முயன்று இணைய இணைப்பும் அதன் கட்டணமும் வீணாகும். ஆகவே, வன்தட்டின் இரண்டாம் பகுதியிலோ, புறத்தே இணைக்கும் திண்மநிலைத் தட்டிலோ ஒரே ஒரு கோப்புறையை அமைத்து, அதற்குத் தெளிவான பெயரிட்டு, பொறிகளுக்குரிய இயல்பான இடம் அதுவே என்று மென்பொருளின் அமைப்புப் பகுதியிற் குறித்துவிடுங்கள். நிறுவற் தட்டின் படிமக் கோப்பும் அங்கேயே இருக்கட்டும். இதுவே விருந்தினனின் மடம். பொறியின் உடைமை யாவும் ஓரிடத்தே இருப்பின், பின்னொருநாள் புதிய கணினி வாங்கும்போது அக்கோப்புறையை அப்படியே எடுத்துச் செல்லுதலும் எளிது.

ஐந்தாவது, அளவு. விண்டோஸ் எக்ஸ்பி 512 மெகாபைட் நினைவகத்தோடு மகிழ்ந்து இயங்கும். நம் கணினியில் 8 கிகாபைட் இருப்பதால் அதிற் பாதியைக் கொடுப்போம் என்பது வள்ளன்மையன்று. வீட்டுக்காரனைப் பட்டினி போடுதலாகும். வன்தட்டுக் கோப்பை வேண்டுமளவுக்கு வளரும் வகையிலே அமைக்கலாம். ஆனால் ஒன்றை நினைவிற் கொள்க: அக்கோப்பு வளரும், உள்ளே கோப்புகளை நீக்கினாலும் அது தானாகச் சுருங்காது. ஆதலின் பெரிய கோப்புகளை விருந்தினன் உள்ளே குவிக்காதிருத்தலே சிறந்தது.

ஆறாவதாக, நிலைப்பதிவு என்னும் வசதியைப் பற்றி ஒரு சொல். பொறியின் இன்றைய நிலையைப் பதிந்து வைத்து, பிழை நேர்ந்தால் அந்நிலைக்கே மீள்வதற்கு இது உதவும். ஆயினும் ஒரு பதிவை எடுத்தபின், மூல வன்தட்டுக் கோப்பு தொடப்படாமல் நிற்க, அதன் பின்னர் நேரும் மாற்றங்கள் தனியொரு கோப்பிலே எழுதப்படும். அடுத்த பதிவுக்கு அடுத்த கோப்பு. இவை சங்கிலியின் வளையங்கள் போல ஒன்றையொன்று பற்றி நிற்பன. இடம் போதவில்லையே என்று, கோப்புறையைத் திறந்து, நடுவிலுள்ள ஒரு கோப்பைக் கையால் நீக்கினால், சங்கிலி அறுந்து பொறி முழுவதுமே பயனற்றதாகிவிடும். நீக்குவதாயின் மென்பொருளின் உள்ளே நின்றே நீக்குதல் வேண்டும். அப்போது அது மாற்றங்களை ஒழுங்காக ஒன்றிணைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று பதிவுகளுக்கு மேல் வைத்திருத்தல் தேவையற்ற பாரம்.

ஏழாவதாக, வாயில். நம் பழைய வீடுகளுக்குச் சங்கடப்படலை இருந்தது. வீதியால் வருவோர் அங்கே நின்று இளைப்பாறலாம். உள்ளே புகுவதற்கு வீட்டாரின் இசைவு வேண்டும். விருந்தினனுக்கும் நமக்கும் இடையே பகிர்வுக் கோப்புறை ஒன்று மட்டும் இருக்கட்டும். முழு வன்தட்டையும் திறந்துவிட வேண்டியதில்லை. எக்ஸ்பிக்கு அதன் நிறுவனத்தார் 2014 ஏப்ரல் 8 ஆம் நாளோடு ஆதரவை நிறுத்திவிட்டனர்; புதிய நச்சு நிரல்களுக்கு அதனிடம் காப்பில்லை. ஆகவே அதன் வலையமைப்பை முற்றாகத் துண்டித்து வைத்தல் வேண்டும். மலரைத் திறக்க இணையம் தேவையில்லை.

எட்டாவதாக, உறக்கம். சாளரத்தின் மூலையிலுள்ள குறியை அழுத்தி மூடும்போது, நிலையைச் சேமிக்கவா என்று மென்பொருள் வினவும். சேமித்தால், விருந்தினனுக்குக் கொடுத்த நினைவகத்தில் உள்ளவை யாவும் ஒரு கோப்பாகத் தட்டிலே தங்கும். அன்றைய வேலை முடிந்ததாயின், உள்ளேயுள்ள விண்டோசை முறைப்படி நிறுத்துவதே நன்று. மின்சாரம் திடீரென நின்றால், திறந்திருக்கும் மெய்நிகர் வன்தட்டுக் கோப்பு சிதைந்துபோகக் கூடும். 2022 ஆம் ஆண்டில் நாள்தோறும் பல மணி நேர மின்வெட்டைக் கண்ட நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இறுதியாக, வழியனுப்புதல். மலர்கள் யாவும் திறக்கப்பட்டு, பீடிஎப் கோப்புகளாக மாற்றப்பட்டு, அவற்றின் சொற்கள் ஒருங்குறிக்கும் பெயர்க்கப்பட்டுவிட்டன என்று கொள்வோம். விருந்தினன் வந்த காரியம் முடிந்தது. இப்போது அவனை எவ்வாறு அனுப்புவது? முதலில், பொறியை ஏற்றுமதி செய்யும் வசதியைக் கொண்டு அதனை ஒரே கோப்பாகப் புறத்தட்டில் எழுதுக. அடுத்து, அந்தப் பிரதி திறக்கின்றதா என்று மீள இறக்குமதி செய்து பார்த்துக்கொள்க. பாராத பிரதி பிரதியன்று. அதன் பின்னரே, மென்பொருளின் உள்ளே நின்று, கோப்புகள் அனைத்தோடும் அப்பொறியை நீக்குக. மென்பொருளை அகற்றுவதாயின் அது கடைசிப் படி. வரிசை மாறி, மென்பொருளை முதலில் அகற்றினால், பொறியின் கோப்புகள் அகலா. அவை உரியவர் யாரென்று தெரியாத பெருஞ் சுமையாக வன்தட்டிலே கிடக்கும்.

‘இடம் மலிந்த இக்காலத்தில் இத்தனை கட்டுப்பாடு ஏன்? பெரிய தட்டொன்று வாங்கினால் முடிந்ததே’ என்பாரும் உளர். இடம் பெருகுவதால் ஒழுங்கு பெருகுவதில்லை. பெரிய வளவுள்ள வீட்டிலேதான் தேடிய பொருள் கிடைக்காமற் போவது அதிகம். அன்றியும், இன்று நமக்கு இன்னதென்று தெரிந்த கோப்பு, பத்தாண்டு கழித்து நம் பிள்ளைகள் கையிற் சேரும்போது, அது யாதென்று அவர்களுக்குச் சொல்ல நாம் அருகில் இருப்போமோ என்பது நிச்சயமில்லை. ஆகவே, பிரதியுள்ள தட்டோடு ஒரு தாள் இருக்கட்டும். இதில் உள்ளது யாது, எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பாலே திறக்கலாம், உள்ளே இருக்கும் மலர்கள் எவை என்னும் மூன்றையும் தமிழிலே எழுதி வையுங்கள்.

பிரதி இரண்டாக இருத்தலும் வேண்டும். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருத்தலாகாது. 1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் நூல்களும் மீளா வண்ணம் அழிந்தன. அந்த இழப்பைக் கண்ட மண்ணிலே வாழும் நாம், ஓர் ஊர்க் கோவிலின் மலரைத்தானும் ஒரே தட்டில் நம்பி வைப்பது தகாது. மீட்ட மலரை நூலகம் போன்ற எண்ணிம நூலகங்களுக்கும் உரியவரின் இசைவோடு அளிக்கலாம். அங்கே அது ஊரவர் அனைவர்க்கும் பயன்படும்.

நேயர்களே, மெய்நிகர்ப் பொறி வேண்டாத பொருளன்று. நம் பழைய எழுத்தைத் திறக்கும் திறவுகோல்களில் அதுவும் ஒன்று. திறவுகோலை வீதியிலே போட்டு வைப்பாரில்லை. அதற்கென ஓர் ஆணி அடித்துத் தொங்கவிடுவர். அவ்வாறே இதற்கும் ஓர் இடமும், ஓர் அளவும், ஒரு வாயிலும், ஒரு கால எல்லையும் வகுத்துக் கொடுப்போமாயின், மகளின் பாடத்துக்கும் இடமிருக்கும். தந்தையாரின் மலரும் தப்பிப் பிழைக்கும். இந்த வாரவிறுதியில் உங்கள் கணினியைத் திறந்து, உங்கள் வீட்டு விருந்தினர் எங்கே படுத்திருக்கின்றனர் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால், அறியாத எந்தக் கோப்பையும், அது யாதென்று அறியுமுன் நீக்கிவிடாதீர்கள்.